சொந்த வழக்கைத் தானே நடத்துவது எப்படி: எல்லைப்புறத்து நிலத் தாவாக்காரருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில் கிடந்த மூலப் பிரமாணம், அதாவது நிலத்தின் ஆதி உரிமைப் பத்திரம், மலையாள எழுத்தில் எழுதப்பட்டது. அதன் தேதி, கொல்லம் ஆண்டுக் கணக்கில், ‘1108 மீனம் 12’. கிழக்கெல்லையாக அதில் ‘கைத்தோடு’ (சிறு நீரோடை) என்ற ஒரே ஒரு சொல் இருந்தது. பக்கத்து விளைக்காரர், அதாவது அடுத்த தோட்டத்தின் சொந்தக்காரர், அந்தத் தோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தபோது, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் நீதிமன்றத்துக்குப் போனேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன. ஆனாலும் எங்கள் நிலங்களின் மூல ஆவணங்கள் திருவிதாங்கூரின் மொழியிலும் ஆண்டுக் கணக்கிலும் அளவையிலும்தான் இன்றுவரை பேசுகின்றன. வெளி மாவட்டத்துக்காரருக்காக எழுதப்பட்ட பொதுவான சட்டக் கையேடுகள் எங்களுக்குப் பாதிதான் உதவுகின்றன. மீதிப் பாதியையும் சேர்த்து எழுதுவதே என் நோக்கம்.

நான் வழக்கறிஞன் அல்லேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை என் வழக்கு எந்தக் கட்டத்தில் நின்றதோ அந்தக் கட்டத்துக்கு ஒரு படி முன்னதாக மட்டும் படித்துப் படித்துக் கற்றேன். 158 பிரிவுகளும், கட்டளை எனப்படும் 51 விதித் தொகுதிகளும் கொண்ட அந்தச் சட்டத்தை முழுவதும் படித்துவிட்டு வழக்குப் போடலாம் என்று நினைப்பவர் ஒருநாளும் போடமாட்டார். தன் வழக்கு அடுத்து எங்கே போய் நிற்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, அதற்குரிய கட்டளையை ஊன்றிப் படிப்பவர் தடுமாறமாட்டார்.

யார் தானே வாதாடலாம்

தன் வழக்கில் தானே முன்னிலையாகும் உரிமையை மூன்றாம் கட்டளையின் முதல் விதி ஒவ்வொரு தரப்பினருக்கும் தருகிறது. அந்த உரிமை உங்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் மகனோ மைத்துனரோ உங்களுக்காக எழுந்து வாதாட முடியாது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி அந்தக் குறிப்பிட்ட வழக்குக்கு நீதிமன்றம் தனியாக அனுமதி கொடுத்தால்தான் அது நடக்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். எனவே இதையும் சொல்லியாக வேண்டும். பவர் பத்திரம் வைத்திருப்பவர் மனுத்தாக்கல் போன்ற காரியங்களைச் செய்யலாம். ஆனால் பவர் கொடுத்தவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த செய்திகளைப் பற்றி அவருக்குப் பதிலாகச் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. துபாயில் இருக்கும் தம்பி பேசி முடித்த விற்பனை ஒப்பந்தத்தைப் பற்றி ஊரில் இருக்கும் அப்பா சாட்சி சொன்னால் அந்தச் சாட்சியம் நிற்காது. சாட்சி சொல்லும் நாளில் விடுப்பு எடுத்து வர முடியுமா என்று தம்பியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எல்லா வழக்கையும் தானே நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லைத் தகராறு, பணம் வசூல், வழித்தடத் தாவா ஆகியவற்றைப் பொறுமையுள்ள ஒருவர் நடத்திவிடலாம். உயில் செல்லுமா என்ற வழக்கையும், பத்துப் பன்னிரண்டு பங்காளிகள் உள்ள பாகப்பிரிவினை வழக்கையும் தனியாகத் தொடாதீர்கள். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாக வழக்குகளில் 1092-ஆம் கொல்லம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், அது 1951 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அடுக்கடுக்காகச் சட்டம் வந்து விழும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணை அழைத்தாலோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தாலோ போதும்.

முதல் படி: ஒரு வாரம் போய் உட்காருங்கள்

குழித்துறை, பத்மநாபபுரம், நாகர்கோவில் என்று உங்கள் நிலத்துக்குரிய நீதிமன்றம் எதுவோ, அங்கே வழக்குப் போடுவதற்கு முன்பே ஒரு வாரம் காலையில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நீதிமன்றம் திறந்த மன்றம்; யாரும் உட்காரலாம். காலை பத்தரை மணிக்கு ‘கால் வொர்க்’ தொடங்கும். வழக்கு எண்ணைக் கூப்பிடும்போது யார் எழுகிறார், எங்கே நிற்கிறார், எத்தனை சொற்களில் பேசி முடிக்கிறார், பெஞ்ச் கிளார்க் வழக்குக் கட்டில் என்ன குறிக்கிறார் என்று பாருங்கள். ஒரு வழக்குக்கு அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பது முதல் நாளிலேயே புரியும். ‘எதிர்வழக்குரைக்காக’ (பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்காக), ‘சம்மன் சார்வுக்காக’ (சம்மன் போய்ச் சேர்வதற்காக), ‘வாதி தரப்பு சாட்சிக்காக’ என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதும் புரியும். எந்தப் புத்தகத்தை விடவும் அந்த ஒரு வாரம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

மதியத்துக்குப் பிறகு சாட்சி விசாரணை நடக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். குறுக்கு விசாரணை என்றால் என்னவென்று சினிமாவில் பார்த்ததை மறக்க அதுவே நல்ல இடம்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறப்பது

வழக்கின் உயிர் ஆவணங்களில் இருக்கிறது. வழக்குரையை, அதாவது வழக்கைத் தொடங்கும் வாதியின் மனுவை, எழுத உட்காரும் முன் எல்லா ஆவணங்களையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். பழைய பிரமாணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு சிங்ஙம் முதல் தேதியில், அதாவது ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. ஆகவே சிங்ஙம் முதல் தனு மாதத்தின் பாதி வரையுள்ள தேதிகளுக்கு 824-ஐக் கூட்டுங்கள். அதன் பிறகு கர்க்கடகம் முடியும் வரை 825-ஐக் கூட்டுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. என் வீட்டுப் பிரமாணத்தின் 1108 மீனம் அப்படித்தான் 1933 மார்ச் ஆனது.

அடுத்தது சர்வே எண். திருவிதாங்கூர்க் காலத்துப் பழைய சர்வே எண் ஒன்று. பிறகு வந்த மறு நில அளவையின் எண் வேறொன்று. பிரமாணத்தில் பழைய எண்ணும் பட்டாவில் புதிய எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதை நீங்கள் காட்டாவிட்டால் எதிர்தரப்பு முதல் கேள்வியிலேயே உங்களை மடக்கிவிடும். இரண்டு எண்களுக்குமான ஒப்புமையை வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து சான்றிட்ட நகலாக வாங்குங்கள். அத்தோடு பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீதுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. அது வரி வசூலுக்கான பதிவு. உரிமைக்கு மூலப் பிரமாணம்தான் பேசும்.

மலையாள ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். இரண்டு எழுத்தும் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ‘மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற உறுதிமொழியுடன் கையெழுத்து வாங்குங்கள். எல்லை விவரம் வரும் வரிகளை ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ‘தோடு’ என்றால் தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் காதணி. எங்களுக்கு அது நீரோடை. கிழக்குச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நீதிபதிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து எடுத்துவரப்பட்டால், அதன் கையெழுத்தும் எழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 92-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் 90. எழுதியவரும் சாட்சிகளும் இறந்துபோன 1933-ஆம் ஆண்டுப் பிரமாணம் எனக்கு இப்படித்தான் பயன்பட்டது.

மூன்றாம் படி: எந்த நீதிமன்றம், என்ன பரிகாரம், எவ்வளவு கட்டணம்

அசையாச் சொத்து வழக்கு அந்தச் சொத்து இருக்கும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் களியக்காவிளையில் குடியிருந்தாலும் விளை பாறசாலையில் இருந்தால் நெய்யாற்றின்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே கட்டணத்துக்கு 1959-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். இங்கே 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். நிலம் இரண்டு நீதிமன்றங்களின் எல்லைக்குள்ளும் விரிந்து கிடந்தால் 17-ஆம் பிரிவின்படி ஏதாவது ஒன்றில் முழு நிலத்துக்கும் வழக்குப் போடலாம்.

பரிகாரத்தைச் சரியாகக் கேட்காததால் தோற்ற வழக்குகள் ஏராளம். அனத்துல சுதாகர் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை வரையறுத்துச் சொன்னது. நிலம் உங்கள் சுவாதீனத்தில் (கைவசத்தில்) இருந்து, உரிமையில் மறுப்பு எதுவும் இல்லாமல் வெறுமனே இடைஞ்சல் மட்டும் செய்தால் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடையாணை) போதும். சுவாதீனம் உங்களிடம் இருந்தும் எதிரி உங்கள் உரிமையையே மறுத்தால் விளம்புகையும் (உரிமை உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) சேர்த்துக் கேட்க வேண்டும். சுவாதீனமே போய்விட்டால் அதை மீட்டுத் தரவும் கேட்க வேண்டும். தோட்டுக்கு இப்பால் ஏற்கெனவே வேலி வந்துவிட்டதால் நான் விளம்புகையும் சுவாதீன மீட்பும் கேட்டேன். ‘உறுத்துக்கட்டளை போதும், கட்டணம் குறையும்’ என்று சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்டிருந்தால் வழக்கு அந்தக் காரணத்தாலேயே விழுந்திருக்கும்.

தமிழ்நாட்டில் மதிப்பைப் பொறுத்த நீதிமன்றக் கட்டணம் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விளம்புகையோடு சுவாதீனம் கேட்டால் தாவா சொத்தின் முழுச் சந்தை மதிப்பின் மீதும், விளம்புகையோடு உறுத்துக்கட்டளை கேட்டால் பாதி மதிப்பின் மீதும் கட்டணம். ஆக்கிரமிக்கப்பட்ட துண்டு ஒன்றேகால் சென்ட், சென்ட் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு ஒரு லட்சம், கட்டணம் 3,000 ரூபாய். தாவா சொத்து அந்தத் துண்டு மட்டும்தான். முழு விளைக்கும் மதிப்புப் போட்டு வீணாகக் கட்டணம் கட்டாதீர்கள். கட்டவே வழியில்லாதவர் 33-ஆம் கட்டளையின் கீழ் வறியவர் மனுப் போடலாம். வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

காலவரம்பையும் இந்தக் கட்டத்திலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு, வெறும் விளம்புகைக்கு 3 ஆண்டு, கடன் பணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டு. அரசு ஒரு தரப்பாக இருந்தால் 80-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

நான்காம் படி: வழக்குரை எழுதுவது

வழக்குரையில் இல்லாத செய்தியைப் பிறகு எவ்வளவு நிரூபித்தாலும் பயனில்லை. இந்த ஒரு வரியை நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆறாம் கட்டளை சொல்வது எளிமையானது. நடந்த முக்கியச் செய்திகளை எழுத வேண்டும். அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தையும் சட்ட வாதத்தையும் அங்கே எழுதக் கூடாது. ‘எதிரி அடாவடிக்காரர், ஊரில் யாரும் அவருக்கு அஞ்சுவார்கள்’ என்று நான் முதல் வரைவில் எழுதிய ஒரு பக்கம் முழுவதையும் பிறகு அடித்துவிட்டேன். எந்தத் தேதியில், எத்தனை தூண், தோட்டிலிருந்து எத்தனை அடி இப்பால் என்ற மூன்று செய்திகள் அந்தப் பக்கத்தை விடப் பெரியவை.

பத்திகளுக்கு எண் கொடுங்கள். தரப்பினரின் பெயர், வயது, முகவரி முதலில் வரட்டும். சொத்து உங்களுக்கு எப்படி வந்தது என்பதை மூலப் பிரமாணத்திலிருந்து கண்ணி விடாமல் சொல்லுங்கள். பிறகு சுவாதீனம், பிறகு எதிரி செய்தது, பிறகு வியாஜ்ஜியமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை எப்போது எங்கே பிறந்தது என்ற பத்தி. அதன் பின் நீதிமன்ற அதிகாரவரம்பு, மதிப்பும் கட்டணமும், இறுதியில் கேட்கும் பரிகாரங்கள். ஏழாம் கட்டளையின் மூன்றாம் விதிப்படி சொத்து விவரத்தை எல்லைகளாலோ சர்வே எண்களாலோ அடையாளம் காணும்படி அட்டவணையில் தர வேண்டும். பழைய எண், புதிய எண், நான்கெல்லை, பரப்பு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, முடிந்தால் ஒரு கைவரைபடத்தையும் சேருங்கள். கடைசியில் கையெழுத்தும், எந்தெந்தப் பத்தி நேரடி அறிவால் உண்மை, எது கேள்வியால் உண்மை என்று பிரித்துச் சொல்லும் சரிபார்ப்பும், அதற்கான அபிடவிட்டும் வேண்டும்.

எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அதை எந்த ஆவணம் அல்லது எந்தச் சாட்சி நிரூபிக்கும் என்று பென்சிலால் குறியுங்கள். ஓரம் காலியாக இருக்கும் பத்தி ஆபத்தான பத்தி. எதையும் நிரூபிக்காத ஆவணம் கட்டில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வழக்குரையோடு தராத ஆவணத்தைப் பிறகு சேர்க்க நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும் என்பதால் தேவையான எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

என் வழக்குரை முதல் தடவை மூன்று குறைகளுடன் திருப்பப்பட்டது: புதிய சர்வே எண் இல்லை, வியாஜ்ஜியமூலத்தில் தேதி இல்லை, மொழிபெயர்ப்பு இணைக்கப்படவில்லை. வழக்குரை திரும்பி வருவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைகளை நிவர்த்தி செய்து, கொடுத்த கெடுவுக்குள் மறுபடி தாக்கல் செய்வதுதான் முக்கியம். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனுப் போட நேரிடும்.

ஐந்தாம் படி: எண், சம்மன், இடைக்கால மனுக்கள்

வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டதும் அசல் வழக்கு எண்ணும், பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தாவும் அது எதற்காக என்பதும் தெரியும். ஆனாலும் செயலியை மட்டும் நம்பாதீர்கள். மன்றத்தில் சொன்ன தேதியை அங்கேயே நோட்டில் எழுதுங்கள்.

சம்மனுக்கான படித் தொகையையும் பிரதிகளையும் உடனே கட்டிவிட வேண்டும். பிரதிவாதி எல்லைக்கு அப்பால் கேரளத்தில் குடியிருந்தால் சம்மன் அந்தப் பகுதி நீதிமன்றத்தின் வழியாகப் போகும். மொழி வேறாக இருப்பதால் 28-ஆம் பிரிவின் தேவைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையோடு கொடுத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் பத்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய வீட்டுக்குச் சம்மன் சார்வாகப் பல மாதம் ஆவதற்கு இந்த மாநில எல்லையே காரணம்.

அவசரம் இருந்தால் வழக்குரையோடு சேர்த்து 39-ஆம் கட்டளையின் கீழ் தற்காலிக உறுத்துக்கட்டளை மனுவைப் போடலாம். எதிர்தரப்பைக் கேட்காமலே உத்தரவு கிடைத்தால், மூன்றாம் விதிப்படி மனு, அபிடவிட், ஆவணங்களின் பிரதிகளை உடனே பதிவஞ்சலில் எதிர்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான அபிடவிட்டைத் தாக்கல் செய்யக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். கையில் உத்தரவு கிடைத்த மகிழ்ச்சியில் இதை மறந்து உத்தரவையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை வழக்கில் இதைவிடவும் பலம் தருவது 26-ஆம் கட்டளையின் ஒன்பதாம் விதியின் கீழ், இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் கமிஷனரைக் கேட்கும் மனு. சர்வேயர் துணையோடு அளந்து அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்யக் கேளுங்கள். யார் சுவாதீனத்தில் இருக்கிறார் என்று கண்டறியக் கமிஷனரைக் கேட்டால் மனு தள்ளுபடியாகும். அது சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டியது. அளவை நடக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் கூட இருக்க வேண்டும். எந்தக் கல்லிலிருந்து அளவை தொடங்குகிறது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. என் வழக்கில் எதிர்தரப்பு அவர் நட்ட தூணைக் காட்டி அங்கிருந்து அளக்கச் சொன்னது. நான் புல வரைபடத்தில் உள்ள, மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லைக் காட்டும் எழுத்துக் குறிப்பைக் கமிஷனர் கையில் கொடுத்தேன். அளவை அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது.

நீங்கள் பிரதிவாதியானால்

சம்மன் வந்த நாளிலிருந்து 30 நாளில் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் எழுதி 90 நாள் வரை நீட்டிக்கலாம். வழக்குரையின் ஒவ்வொரு பத்தியையும் எடுத்து ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது என்று தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். குறிப்பிட்டு மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எட்டாம் கட்டளை எடுத்துக்கொள்ளும். உங்கள் மேல் வழக்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் 148அ பிரிவின் கீழ் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாளுக்கு அது உங்களைக் கேட்காமல் உத்தரவு போவதைத் தடுக்கும்.

ஆறாம் படி: வாய்தாவைக் காப்பது

ஒரு நாள் என் வழக்கைக் கூப்பிட்ட நேரத்தில் நான் நகல் பிரிவின் ஜன்னலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்தபோது ‘வாதி இல்லை, தள்ளுபடி’ என்று குறிப்பு எழுதியாகிவிட்டது. அப்படி நேர்ந்தால் ஒன்பதாம் கட்டளையின் ஒன்பதாம் விதியின் கீழ் 30 நாளுக்குள் மீட்பு மனுப் போட வேண்டும். நான் நான்காம் நாளே போட்டேன். எதிர்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டிய பின் வழக்குக் கோப்புக்குத் திரும்பியது. பிரதிவாதி வராமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால் பதின்மூன்றாம் விதி. அதற்கும் 30 நாள்தான். காலை பத்தேகாலுக்கு மன்றத்துக்குள் இருக்க வேண்டும்; உங்கள் எண் கூப்பிட்டு முடியும் வரை தேநீருக்கும் வெளியே போகக் கூடாது.

ஏழாம் படி: சாட்சிக் கூண்டு

எதிர்வழக்குரை வந்த பிறகு நீதிமன்றம் எழுவினாக்களை, அதாவது தீர்க்க வேண்டிய வினாக்களை, வனையும். வழக்கு முழுவதும் இனி அந்த நாலைந்து வினாக்களைச் சுற்றியே நடக்கும் என்பதால் அவற்றை நகலெடுத்து மனப்பாடம் ஆகும் வரை படியுங்கள். வனைந்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியலைத் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டோடு வர வேண்டுமானால் அவர் பெயரையும் அதில் சேர்த்து சம்மன் கேளுங்கள்.

வாதி சாட்சி சொல்வதாக இருந்தால் தன் மற்றச் சாட்சிகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். முதல் விசாரணை இப்போது அபிடவிட்டாகத் தாக்கலாகிறது. வழக்குரையைத் தாண்டிய எந்தப் புதிய செய்தியையும் அதில் எழுதாதீர்கள். ஆவணங்களின் அசலைக் கையோடு கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் வாதி தரப்பு ஆவணங்கள் ‘ஏ’ வரிசையிலும் பிரதிவாதி தரப்பு ஆவணங்கள் ‘பி’ வரிசையிலும் குறியீடு பெறும்.

கூண்டில் நிற்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் எந்த வழக்கும் தோற்காது. ஊகித்துச் சொல்வதால் தோற்கும். எழுதப்பட்ட வாக்குமூலத்தை முழுவதும் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அங்கேயே பணிவாகச் சுட்டிக்காட்டித் திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள்.

குறுக்கு விசாரணைக்கு நான் இருபத்திரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போனேன், கேட்டவை ஒன்பது. பிரதிவாதி தன் அபிடவிட்டில் தோட்டுக்கு இப்பால் நிற்கும் அயனி மரங்களே எல்லை என்று சொல்லியிருந்தார். அவருடைய 1987-ஆம் ஆண்டுக் கிரயப் பிரமாணத்தின் சான்றிட்ட நகல் என்னிடம் இருந்தது. “உங்கள் பிரமாணத்தில் மேற்கெல்லை கைத்தோடு என்று எழுதியிருப்பது சரிதானா?” என்று கேட்டேன். “சரி” என்றார். “அந்தக் கைத்தோடு இன்றும் அதே இடத்தில் ஓடுகிறதா?” “ஓடுது.” “அயனி மரம் என்ற சொல் உங்கள் பிரமாணத்தில் எங்காவது இருக்கிறதா?” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, “இல்ல” என்றார். ‘பிறகு ஏன் அங்கே வேலி போட்டீர்கள்?’ என்ற கேள்வி என் வாய் வரை வந்தது. அதைக் கேட்டிருந்தால் அவர் தனக்குத் தோன்றிய விளக்கத்தையெல்லாம் சொல்லி அந்த ‘இல்ல’வை மூடியிருப்பார். கேட்காமல் உட்கார்ந்தேன். ஏன் என்று தொடங்கும் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாது என்பதை நான் பின்வரிசையில் உட்கார்ந்த அந்த ஒரு வாரத்தில் கற்றிருந்தேன்.

எதிரியின் கூற்று பொய் என்பது உங்கள் நிலைப்பாடு என்றால் அதை அவரிடமே நேராகச் சொல்லி, ‘சரியல்ல’ என்ற அவர் பதிலைப் பதிவு செய்யவும் வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்ட கூற்றை நீங்கள் எதிர்க்கவில்லை என்று பிறகு வாதிக்க இடம் ஏற்படும்.

எட்டாம் படி: வாதமும் அதற்குப் பிறகும்

வாதத்துக்கு எழுத்து வாதுரையாக நாலு பக்கம் போதும். ஒவ்வொரு எழுவினாவுக்கும் கீழே எந்த ஆவணம், எந்தச் சாட்சியின் எந்தப் பக்கத்து விடை என்று எழுதுங்கள். நீண்ட பேச்சை விட, நீதிபதி தீர்ப்பு எழுதும்போது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அந்த நாலு பக்கம் உதவும்.

தீர்ப்பு சொன்ன அன்றே, வென்றாலும் தோற்றாலும், தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நகலுக்காக நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாள்கள் அதில் கழியும். நீங்கள் மனுப் போடாமல் கழித்த நாள்கள் கழியாது. அதற்கு மேலான இரண்டாம் மேல்முறையீடு முக்கியச் சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே மதுரைக் கிளையில் ஏற்கப்படும். செய்திகளைப் பற்றிய உங்கள் சண்டை கீழே இருக்கும் இரண்டு நீதிமன்றங்களிலேயே முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வென்ற பிறகும் எதிரி தானாக வேலியைப் பிரிக்காவிட்டால் 21-ஆம் கட்டளையின் கீழ் நிறைவேற்று மனுப் போட வேண்டும். பொதுவாக அதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ‘கட்டியதை இடித்து அகற்று’ என்பது போன்ற செயலுறுத்துக்கட்டளைக்கு 3 ஆண்டுதான். பலர் இதைக் கவனிக்காமல் கோட்டை விடுகிறார்கள். கேரளத்தில் உள்ள சொத்திலிருந்து பணம் வசூலிக்க வேண்டுமானால் 39-ஆம் பிரிவின்படி தீர்ப்பாணையை அங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும். சுவாதீனம் ஒப்படைக்க நீதிமன்ற ஊழியரான அமீனா வரும் நாளில் சர்வேயரையும் வரச் செய்யுங்கள், கமிஷனர் வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள், கல் நடுவதற்கு ஆளையும் கடப்பாரையையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அமீனா எழுதும் ஒப்படைப்பு அறிக்கையில் தோட்டிலிருந்து ஒவ்வொரு கல்லும் எத்தனை மீட்டர் என்ற அளவு வரும்படி கேட்டு, அது எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள்.